நேற்றே வந்துபோன வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தலைப்பிரசவம் முடிந்து கல்வராயன் மலையில் என் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது இது. வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் ஓரிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண் பாதையில் அரை மணி நேரம் ஏறினால் எங்கள் ஊர். மரவள்ளியும் சாமையும் போடுகிற ஊர். விடிந்தும் விடியாமலும் எல்லோரும் கொல்லைக்காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பகலில் வந்து கதவைத் தட்டினால் கோழிகள்தான் பதில் சொல்லும்.

நான் அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தவள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நகைக்கடை, கல்யாண மண்டபம், நர்சரி பள்ளி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்போம். பெரும்பாலும் பி.எச்.பி. என்ற மொழியில்தான் எழுதுவோம். ஏழாவது மாதத்தில் வேலையை விட்டேன். குழந்தை பிறந்த பிறகு, படித்ததெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது போல இருந்தது. பால் கொடுப்பது, துணி அலசுவது, கொஞ்சம் கண் மூடுவது, மறுபடி பால் கொடுப்பது. லேப்டாப் கள்ளக்குறிச்சியிலேயே கிடந்தது. இனிமேல் நம்மை யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைப்பேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் மலைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவ வண்டி மாதம் ஒருமுறை வரும். டாக்டர், நர்ஸ், மாத்திரை எல்லாம் அதிலேயே இருக்கும். மண் பாதை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கும். முன்பு இரண்டு வண்டிகள் இருந்ததால் எந்தக் கிழமை எந்த ஊர் என்பது மாறவே மாறாது. நான் போயிருந்த சமயத்தில் ஒரு வண்டிதான் மிஞ்சியிருந்தது. அதனால் தேதிகள் மாதத்துக்கு மாதம் மாறின. அதற்காகப் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் தேதிப் பட்டியலைப் பார்த்து, வண்டி வருகிற அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு ஊரில் சில பேருக்குத் தானாக ஃபோன் போடும். எடுத்தால் பதிவு செய்த ஒரு பெண் குரல், “வணக்கம். இன்று உங்கள் ஊருக்கு மருத்துவ வண்டி வருகிறது. காலை பத்து மணிக்குச் சாலைக்கு வாருங்கள்” என்று சொல்லும். ஆட்கள் கொல்லைக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அந்த நேரம். நல்ல யோசனைதான். எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் டவர் கிடைக்கும். அந்த அழைப்பு வருகிற ஃபோன்களில் அம்மாவுடையதும் ஒன்று.

ஆனி மாதத்தில் முதல் அழைப்பு வந்தது. அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்கள், பிரஷர் பார்க்கிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் என்று ஒரு கூட்டமே சாலைக்கு இறங்கியது. நான் குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை போட்டால் ஒன்றும் தெரியாது, தோட்ட வேலை எல்லாம் பார்ப்பார். அந்த மாத்திரை அந்த வண்டியில்தான் வரும்.

மதியம் வரை நின்றோம். வண்டி வரவில்லை. வழியில் பழுதாகியிருக்கும் என்று பேசிக்கொண்டே ஏறி வந்தோம். குழந்தைக்குத் தடுப்பூசி போட அப்பா என்னை இன்னொரு நாள் கரியாலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாமாவையும் எங்களோடு கூப்பிட்டோம். “மாத்திர இருக்குதும்மா, அடுத்த மாசம் வண்டி வந்துரும்” என்று சொல்லிவிட்டார். மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதி பாதியாக அவர் போட்டுக்கொண்டிருந்தது அக்காவுக்கே அப்போது தெரியாது.

ஆடி மாதத்திலும் அதே மாதிரி ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. கூட்டம் முன்பைவிடக் கம்மி. அன்றும் நின்றுகொண்டே இருந்தோம். பதினொரு மணி வாக்கில் ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னா, ஊரே வந்து நிக்கறீங்க? எங்கனா போணுமா?” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரி வண்டி வரணும், அதுக்குத்தான் நின்னுகினு இருக்கறோம்” என்றார் அக்கா.

“அது நேத்தே வந்துச்சே! இதே எடத்துல நிறுத்தி ஹாரன் அடிச்சிகினே இருந்தாங்க. ஒருத்தரும் வரலன்னு கெளம்பிட்டாங்க.”

முந்தைய நாள் ஊரே கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தது. அங்கேயும் சரி, வீட்டிலும் சரி, ஹார்ன் சத்தம் கேட்காது. கூட்டத்தில் ஒருவர், “நம்மள ஆட்டம் காட்றானுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மாமாவுக்கு வலிப்பு வந்தது. மரவள்ளிக் கொல்லையில் கல் அடுக்கிய கரையின் மேல் நின்றிருந்தவர் அப்படியே கீழே சாய்ந்தார். நெற்றி கிழிந்தது. கீழே இருந்த பெரிய பாறைக்கும் அவர் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும், அவ்வளவுதான். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். கரியாலூரில் தையல் போட்டு, சில நாட்களுக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். பாதி மாத்திரை விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அக்கா அவரைத் திட்டவில்லை. தலையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம், “ஏன் பாப்பா, நீ கம்ப்யூட்டருதான படிச்ச? அந்த ஃபோனு ஏன் ஒரு நாள் கழிச்சி வருதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்டதல்ல அது. எனக்குத் தெரிந்திருக்கும் என்று உண்மையாகவே நம்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஜீப் டிரைவரிடம் கேட்டு மருத்துவ வண்டியின் டிரைவர் நம்பரை வாங்கினேன். அவர் மூலமாக நர்ஸிடம் பேசினேன். நர்ஸ் முதலில் கோபமாகத்தான் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நிதானமாகிவிட்டார். எந்த ஊர் என்பது காலையில் புறப்படும்போதுதான் அவர்களுக்கே தெரியுமாம். இரண்டு மாதமாக எங்கள் ஊரில் ஆளே வராததால், மக்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதியாகிவிட்டது. ஆவணியில் ஒருமுறை பார்ப்பார்கள். அப்போதும் யாரும் வராவிட்டால் எங்கள் நிறுத்தத்தை எடுத்துவிடுவார்கள்.

“நீங்க கெளம்பும்போது எனக்கு ஒரு ஃபோன் பண்ணிடுங்களேன்” என்று கேட்டேன்.

“பண்றம்மா. ஆனா நாங்க கெளம்பறதே எட்டு மணிக்கு. அப்ப உங்காளுங்க கொல்லைல இருப்பாங்க. சரி, உங்க ஊருக்கு நீ ஓடிப் போய்ச் சொல்லுவ. உள்ள இருக்கற மத்த ஊருங்களுக்கு யாரு சொல்றது? அங்கயும் ஆளு வர மாட்டன்றாங்க. அவங்களுக்கும் இதே கதைதானோ இன்னாவோ.”

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. சாலையோரத்து ஊர்களுக்கு இந்த அழைப்பே தேவையில்லை, வண்டியைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் யாரும் புகார் சொல்லவில்லை. எங்களைப் போல உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது ஒன்றே வழி.

தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்க கம்ப்யூட்டர்ல கால் போயிட்டுதுன்னு காட்டுதும்மா. உங்காளுங்க எடுத்துக் கேட்டதும் காட்டுது” என்றார். போனது உண்மைதான், போன நாள்தான் தப்பு என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. கடைசியில், அந்த ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தவர் திருக்கோவிலூரில் இருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நம்பரைக் கொடுத்தார்.

திருக்கோவிலூர்க்காரர் சொந்தமாகச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். பணம் வாங்காமல் சேவையாகத்தான் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் பேசிய நேரம் கடையில் ஒரே கூட்டம். அழைப்பு ஒரு நாள் தள்ளி வருவதையும் மாமா விழுந்ததையும் சொன்னேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், இனி பேச மாட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

“பாத்துட்டேம்மா. ப்ரோக்ராம்ல ஒண்ணும் தப்பு இல்ல. இப்பக்கூட ஓட்டிப் பாத்தேன். இன்னைக்கு எந்த ஊரோ அந்த ஊரத்தான் கரெக்டா எடுக்குது. சர்வர் கடிகாரத்தையும் பாத்துட்டேன். நம்ம டைம்தான் காட்டுது.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓட்டிப் பார்த்தால் சரியாக இருக்கிறது என்று சொல்லும் ஆளிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? நானும் வேலையில் இருந்தபோது வாடிக்கையாளர்களிடம் இதே வார்த்தையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆனால் மனசு விடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் அதுதான், அடுப்பில் விறகைத் தள்ளும்போதும் அதுதான். ப்ரோக்ராம் சரி. கடிகாரம் சரி. பகலில் ஓட்டினால் சரி. அதையே விடியற்காலையில் தானாக ஓடவிட்டால் தப்பு. பகலுக்கும் விடியற்காலைக்கும் என்ன வித்தியாசம்? அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பழைய அலுவலகத்தில் ஒருமுறை பட்ட பாடு ஞாபகத்துக்கு வந்தது. வெப்சைட்டில் ஒழுங்காக ஓடிய ஒன்று, கமாண்ட் லைனில் ஓட்டியதும் பாதியில் நின்றுவிட்டது. தேடித் தேடிக் கண்டுபிடித்தோம். பி.எச்.பி. ஒன்றுதான், ஆனால் அது படிக்கும் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றல்ல. பிரவுசர் வழியாகக் கூப்பிட்டால் ஒரு ஃபைலைப் படிக்கும். கமாண்ட் லைன் என்கிற கறுப்புத் திரையில் கூப்பிட்டால் வேறொரு ஃபைலைப் படிக்கும். ஒன்றில் மாற்றியது இன்னொன்றில் மாறியிருக்காது. எந்த நாட்டு நேரம் என்று சொல்லும் டைம்ஸோன் வரியும் அந்த ஃபைலில்தான் இருக்கும். ஆள் தொடாமல் தானாக ஓடுகிற வேலைகள் எல்லாம் கமாண்ட் லைன் வழியாகத்தான் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் கூட்டம் இருக்காது என்று நினைத்து மாலையில் கூப்பிட்டேன். வீட்டுக்குள் டவர் விட்டு விட்டு வந்ததால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் இருக்கும் பலா மரத்தடிக்குப் போய்விட்டேன்.

“சார், அந்த பி.எச்.பி. செட்டிங்ஸ்ல டைம்ஸோன் எழுதினீங்களா?” என்று கேட்டேன்.

“எழுதாம இருப்பனா? ஆரம்பத்துலயே எழுதிட்டேன்.”

“எந்த ஃபைல்ல சார்? பிரவுசருக்கு உண்டானதுலயா, கமாண்ட் லைனுக்கு உண்டானதுலயா?”

“ஒரு நிமிஷம். நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இருங்க, சிஸ்டம் ஆன் பண்றேன்” என்றார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பசி. எவ்வளவு தட்டியும் நிற்கவில்லை. என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நன்றாக ஒரு பேச்சு ஆரம்பித்தபோது இப்படி ஆகிவிட்டதே, பிறகு அவர் எடுப்பாரோ மாட்டாரோ என்று பயம். “சார், அப்புறம் பேசறேன்” என்று கத்தினேன்.

“வேணாம்மா, வைக்காதீங்க. பாப்பாவுக்குப் பால் குடுங்க. நான் லைன்லயே இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல” என்றார்.

ஃபோனை மரத்தின் வேரில் வைத்துவிட்டு, புடவையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். ஃபோனிலிருந்து அவர் கடைச் சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரிண்டர் ஓடுகிற சத்தம். யாரோ வந்து ஜெராக்ஸ் கேட்கிறார்கள். “கொஞ்சம் நில்லுங்க, முக்கியமான ஆளுகிட்ட பேசிகினு இருக்கேன்” என்று அவர் சொல்வதும் கேட்டது. அவர் சொன்ன அந்த முக்கியமான ஆள் நான்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. குழந்தை பிறந்த பிறகு என்னை அப்படி யாரும் நினைத்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குழந்தை தூங்கியதும் ஃபோனை எடுத்தேன். அவர் கறுப்புத் திரையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். எந்த செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கிறாய் என்று பி.எச்.பி.யிடமே கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டு. அதை அடிக்கச் சொன்னேன். அவர் பதிலை எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் மாற்றிய ஃபைல் அது இல்லை. பெயர் அதே பெயர்தான். ஆனால் இருந்தது வேறு ஃபோல்டரில். அதைத் திறந்து டைம்ஸோன் வரியைத் தேடச் சொன்னேன்.

“இருக்குது. ஆனா வரிக்கு முன்னால அரைப்புள்ளி இருக்குதே.”

முன்னால் அரைப்புள்ளி இருந்தால் அந்த வரி கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம். “இப்ப மணி என்னன்னு பி.எச்.பி.ய அந்தத் திரைலயே கேளுங்க சார்” என்றேன். என் ஃபோனில் மணி நாலே முக்கால்.

அவர் அடித்தார். கீபோர்டு சத்தம் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “காலைல பதினொன்னே கால்னு சொல்லுதும்மா.”

நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் அது லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரத்தையே தன் நேரமாக வைத்துக்கொள்ளும். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பகலில் ஓட்டிப் பார்த்தால் மணிதான் தப்பாக இருக்கும், தேதி ஒன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் அவர் சோதித்தபோதெல்லாம் சரியான ஊரே வந்தது. ஆனால் நமக்கு விடியற்காலை ஐந்து மணி என்றால் அதற்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரை. ‘இன்று எந்த ஊர்’ என்று அது பார்க்கும்போது அதற்கு இன்னும் நேற்றுதான். நேற்று வண்டி வந்துபோன ஊருக்கு ஃபோன் போட்டு, இன்று வண்டி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லி முடித்தேன். “அந்த அண்ணன் தலைல அடிபட்டுதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கறாரு?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். “இன்னும் எத்தினி ஊருல எத்தினி பேரு நின்னுட்டுப் போனாங்களோ” என்றார். என் ப்ரோக்ராமில் தப்பே இல்லை என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கலாம். நீ யார் என்னைக் கேட்க என்றும் சொல்லியிருக்கலாம். அவர் அரைப்புள்ளியை எடுத்தார். இந்திய நேரத்தை எழுதினார். மறுபடி மணி கேட்டார், சரியாகச் சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று ப்ரோக்ராமின் தொடக்கத்திலும் அதே நேரத்தை ஒரு வரியாக எழுதும்படி சொன்னேன். நாளைக்கு சர்வரை மாற்றினாலும் பாதகம் இல்லை. “இது எனக்குத் தோணல பாரு” என்றார். பேச்சு முடியும்போது நான் அவருக்குத் தங்கச்சி ஆகியிருந்தேன், அவர் எனக்கு அண்ணன்.

மறுநாளிலிருந்து சில நாட்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, எந்த ஊருக்கு அழைப்பு போகிறது என்று பார்த்து எனக்குச் செய்தி அனுப்பினார். எல்லாம் சரியாகப் போயின.

ப்ரோக்ராம் சரியாகிவிட்டது. ஊரைச் சரி செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. இனி ஃபோன் வந்தால் வண்டி கட்டாயம் வரும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. “ரெண்டு தபா வேலயக் கெடுத்துகினு நின்னோம், போதாதா?” என்றார்கள். ஏன் அப்படி ஆனது என்று விளக்கப் போனால் லண்டனும் ஐந்தரை மணியும் யாருக்கும் புரியவில்லை. கடைசியில், “விடியக்காலைல நமக்கு இன்னைக்கு ஆயிடுது. அந்த மிஷினுக்கு இன்னும் நேத்தாவே இருந்துச்சு, அவ்ளோதான்” என்றேன்.

பெரியப்பா முறை ஆகிற ஒருவர் ரொம்ப அக்கறையாக, “ஏன், அதும் பக்கத்துல கோழி கூவாதா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அவ சொல்றா இல்ல? வந்து நின்னாதான் இன்னா போவுது? வரலன்னா அடுத்த தபா என்னயும் சேத்துத் திட்டுங்க” என்றார். ஆனாலும் வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒருநாள் ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. வெளியே சாரல். அம்மா குரலைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகச் சொல்லப் போனார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே குழந்தையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அக்காவும் மாமாவும் முன்னால் போனார்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவும் வந்தார்.

சாலையில் நின்றோம். பத்து மணி ஆனது. வண்டி இல்லை. பனிமூட்டம் சாலையை மறைத்துக்கொண்டிருந்தது. பத்தே கால் ஆனது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, எனக்காகத்தான் பார்க்காமல் இருந்தார்கள் என்பது தெரிந்தது. எங்கேயோ இன்னொரு அரைப்புள்ளியை விட்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் சாக்கை உதறிக் கிளம்பத் தயாரானார். மாமா அவர் கையைப் பிடித்து, “கொஞ்சம் நில்லுடா” என்றார்.

அப்போது கீழே வளைவில் ஒரு ஹார்ன் கேட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் விளக்கு தெரிந்தது. பிறகு வெள்ளை வண்டி. வழியில் ஒரு கிளை விழுந்து கிடந்ததாம், அதை அகற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். நர்ஸ் கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்தார். “இன்னா இது, தேர் பாக்க வந்தாப்புல நிக்கறீங்க!” என்றார். என்னை அவர் நேரில் பார்த்ததில்லை. நான் குழந்தையோடு அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து, “ஃபோன்ல பேசன பொண்ணு நீதான?” என்று நேராக என்னிடம் வந்துவிட்டார்.

அன்று வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. டாக்டர் மாமாவின் தையல் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பாதி மாத்திரை விஷயத்துக்கு நன்றாகத் திட்டிவிட்டு, அடுத்த மாதத்துக்கும் சேர்த்தே மாத்திரை கொடுத்தார். மாமா அந்தக் கவரை இரண்டு கைகளாலும் வாங்கி, அக்காவிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மாத்திரை அக்காவின் பொறுப்பு.

எங்கள் நிறுத்தத்தை எடுக்கவில்லை. உள்ளே இருக்கும் மற்ற ஊர்களிலும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று நர்ஸ் பிறகு சொன்னார். திருக்கோவிலூர் அண்ணன் அந்த ப்ரோக்ராமைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார். என் கணவர் அடுத்த முறை வரும்போது லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பலா மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பக்கம் குழந்தையும் ஒரு பக்கம் லேப்டாப்புமாக அந்தப் பட்டியல்களைச் சரி பார்த்தேன். மறந்துபோகவில்லை, எல்லாம் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சியில் மறுபடி வேலைக்குப் போகிறேன். அந்த அண்ணனை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை, நல்ல நாள் பெரிய நாளில் ஃபோனில் பேசிக்கொள்வதோடு சரி.

யாரையாவது பற்றி ‘அவங்களுக்கு அக்கறை இல்லை, கூப்பிட்டும் வரவில்லை’ என்று யாராவது சொன்னால், உடனே நம்ப இப்போது என்னால் முடிவதில்லை. கூப்பிட்ட குரல் அவர்களுக்கு எந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுகிறேன்.